நாலு சின்னப் பெட்டியும் ஒரு யூ.பி.எஸ்ஸும்

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். "கொம்பியூட்டர் ஏதும் கொண்டு வரட்டோ? மேக் மினி நல்லதெண்டு சொல்லுறாங்கள்" என்று வட்ஸ்அப்பில் கேட்டார். நான் ஒரு கிழமை தவணை கேட்டேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு மேசையில் இருந்த பழைய டவர் கொம்பியூட்டர் போன மாரியில் ஒரு மின்னலோடு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு இரவலாகவும் விலைக்குமாக நாலு வகைச் சின்னக் கொம்பியூட்டர்ப் பெட்டிகள் அந்த மேசைக்கு வந்துவிட்டன. நாலையும் பாவித்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

அப்பிள் கம்பனியின் மேக் மினியைக் கலியாண வீடியோ எடிட் செய்யும் நண்பனிடம் பத்து நாள் இரவல் வாங்கினேன். 2024 ஒக்டோபரில் அறிவித்த, எம்4 சில்லுப் பெட்டி அது. 12.7 சென்ரிமீற்றர் சதுரம், 5 சென்ரிமீற்றர் உயரம். இடியப்பத் தட்டுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் 599 டொலருக்கு வந்தது, கனடாவில் 799 கனடிய டொலர், வரி வேறு. வேகத்தைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. நண்பன் 4கே படத்தை வெட்டி ஒட்டுகிறான், பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. சும்மா இருக்கும்போது 4 வாட் அளவுதான் இழுக்கிறது. பழைய டவர் சும்மா நின்றே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் குடித்தது.

ஒரு சின்னச் சந்தோஷமும் உண்டு. கனடாவில் வாங்கினால் தட்டைக்கால் பிளக்தான் வரும், எங்கள் சுவருக்குப் பொருந்தாது. ஆனால் பெட்டிக்குள் செருகும் முனை எட்டு வடிவம். அப்பாவின் பழைய கசற் ரேடியோவின் வயர் அப்படியே பொருந்தியது! பெட்டி 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால் வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

சரி, குறை. ஓன் செய்யும் பொத்தான் பெட்டியின் அடியில், பின்பக்க மூலையில். காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும் அடியால்தான். வலிகாமத்துச் செம்மண் தூசி மேசையில் எப்படிப் படியும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யூ.எஸ்.பி. எல்லாம் புதிய சின்ன வாய், பென் டிரைவ் செருகப் பழைய வாய் ஒன்றுகூட இல்லை. இவையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது மெமரி, அதாவது ரேம். 2012 மினியில் அடி மூடியைத் திருப்பிக் கழற்றி மெமரி மாற்றலாம். 2014இல் அதைப் பலகையோடு ஒட்டினார்கள். 2018இல் கஷ்டப்பட்டாவது மாற்றக்கூடிய மெமரி திரும்பி வந்தது. 2020இல் எம்1 வந்ததும் அது சில்லோடு சேர்ந்துவிட்டது. இப்போது 16 ஜிபியை 24 ஆக்க வேண்டுமென்றால் வாங்கும்போதே 200 டொலர் கூடக் கட்ட வேண்டும். பிறகு யோசித்துப் பயனில்லை.

அடுத்தது, அலுவலகங்கள் கழித்துவிட்ட, கொள்ளளவு ஒரு லீற்றர் அளவான பெட்டிகள்: லெனோவோ ரைனி, டெல் மைக்ரோ, எச்.பி. மினி. வெளிநாட்டு அலுவலகங்கள் மாற்றும்போது கொத்தாக வந்து இறங்குகின்றன. எனக்கு இவற்றில்தான் மனம் போகிறது, மறைக்கவில்லை. ரைனியைக் கடையில் திறந்து காட்டச் சொன்னேன். பின்னால் ஒரே ஒரு திருகாணி. கழற்றி மேல் மூடியை முன்னே தள்ளினால் பெட்டி திறந்துவிடும். பெடியன் உள்ளே பார்த்துவிட்டு, "அண்ணை, பல்லி முட்டை ரெண்டு ஃப்ரீ" என்றான். விசிறிக்குப் பக்கத்தில் வெள்ளையாக, பட்டாணி அளவில் இரண்டு. தூரிகையால் தட்டித் துடைத்துவிட்டு மெமரியைக் கழற்றி மாற்றிக் காட்டினான், ஐந்து நிமிடம்கூட இல்லை. லேப்டாப்புக்குப் போடும் அதே டி.டி.ஆர்4 மெமரி. கரண்ட் வரும் சார்ஜரும் அதே கம்பனி லேப்டாப்பின் 20 வோல்ட் சார்ஜர்தான், கெட்டால் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று. மலிவாகக் கிடைக்கும் பலதில் ஐ5 என்று எழுதியிருக்கும், ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைச் சில்லு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்ரெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். சில்லின் எண் 8இலோ அதற்குப் பிந்திய தலைமுறையிலோ தொடங்குகிறதா என்று பார்க்காமல் காசை எண்ணாதீர்கள். எனக்கும் ஒருமுறை ஏழாம் தலைமுறையைத் தலையில் கட்டினார்கள். அது இப்போது லினக்ஸ் போட்டு அம்மாவின் பக்திப்பாட்டுப் பெட்டியாக இருக்கிறது.

மூன்றாவது, இன்ரெலின் என்100 சில்லுப் புதுப்பெட்டி. 2023 தொடக்கத்தில் வந்த சில்லு, நாலு கோர், 6 வாட் கணக்கு. கணக்கு வழக்கு, கடிதம், யூரியூப், சூம் வகுப்பு எல்லாம் ஓடும். வீடியோ எடிட்டைக் கொடுத்தால் அழும். மெமரிக்கு ஒரே ஒரு இடம்தான். ஆனாலும் இதை நான் எளிதில் தள்ளமாட்டேன். காரணம் அடப்டரின் முதுகில் இருக்கிறது: 12 வோல்ட், 3 ஆம்பியர்.

யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு வரிக்குத் தனி மதிப்பு. தொண்ணூறுகளில் கரண்டே இல்லாத ஊரில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு போய் முட்டியதாம், நாடு முழுக்க இருட்டு. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் சாதாரண யூ.பி.எஸ். ஒன்றுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்மணி பற்றரி. அதை 230 வோல்ட்டாக ஏற்றி, பிறகு அடப்டரில் திரும்ப 12 ஆக இறக்குவது கிணற்றுத் தண்ணீரை மாடிக்கு ஏற்றி முற்றத்துப் பூமரத்துக்கு ஊற்றுவது மாதிரி. என்100 பெட்டியைப் பெரிய பற்றரி ஒன்றில் நேரே கொளுவினேன். நடுவில் ஒரு வோல்ட்டேஜ் ரெகுலேற்றர் போட்டேன், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது பற்றரி 14 வோல்ட்டைத் தாண்டும். கரண்ட் போனதே தெரியாமல் அக்காவின் மகள் பைத்தன் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். மேக் மினிக்கு இந்த வழியே இல்லை. அதன் மின்மாற்றி உள்ளேயே இருக்கிறது, 230 வோல்ட் கொடுத்தே ஆக வேண்டும்.

நாலாவது, ஒற்றைப் பலகைக் கொம்பியூட்டரான ராஸ்பெரி பை 5. அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உயர்தரத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொழில்நுட்பம்) படிக்கும் பிள்ளைக்கு நல்ல விளையாட்டுச் சாமான். 5 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜர் கேட்கும். கையில் இருக்கும் 3 ஆம்பியர் போன் சார்ஜரைக் குத்தினால் யூ.எஸ்.பி. பக்கம் மின்சாரத்தைக் குறைத்துவிடும், வெளி ஹார்ட் டிஸ்க் சுற்றாது. திடீரென்று கரண்ட் போய் எஸ்.டி. கார்டு பழுதானால் எல்லாம் முதலில் இருந்து. 2025 டிசம்பரில் மெமரி விலை ஏறியதைச் சொல்லி அதன் விலையையும் கூட்டிவிட்டார்கள். இங்கே தமிழ் அடிக்கப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு லினக்ஸில் கிடைப்பது ஒரு நன்மை.

தமிழ் அடிப்பு என்றதும் அச்சகம் வைத்திருக்கும் மச்சானின் ஞாபகம். அவருக்கு மேக் மினியைக் காட்டினேன். "அஞ்சல் இருக்கு, தமிழ்99 இருக்கு" என்றேன். "பாமினி இருக்கோ? பேஜ்மேக்கர் ஓடுமோ?" என்றார். இருபது வருட அந்தியேட்டி நினைவு மலரும் கலியாணக் கார்டும் அந்தப் பழைய எழுத்துருவிலும் அந்தப் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளிலும்தான் கிடக்கின்றன. கதை அதோடு முடிந்தது.

அடுத்த மேக் மினி எப்படி வர வேண்டும் என்று நண்பர்கள் கூடினால் எம்5, எம்6 என்றுதான் கதை போகிறது. வேகம் எனக்கு ஏற்கெனவே கூடிப்போய்விட்டது. பொத்தானை முன்னால் வைக்கட்டும், பழைய யூ.எஸ்.பி. வாய் ஒன்றாவது தரட்டும், டைப்-சி வழியாக வெளியில் இருந்து மின்சாரம் எடுக்கட்டும். மெமரிக்கு மூடி திறப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் ஒரு லீற்றர் பெட்டி செய்பவர்கள் நினைத்தால், இப்போது இருக்கும் அதே ஒற்றைத் திருகாணியோடு 12 முதல் 20 வோல்ட் வரை எதையும் குடிக்கும் பெட்டி ஒன்றை அடுத்த வருடமே செய்யலாம்.

கிழமை முடிய அண்ணாவுக்கு எடுத்தேன். "மேக் வேண்டாம் அண்ணா. எட்டாம் தலைமுறை ரைனி ஒண்டு இஞ்சையே எடுத்திட்டன், மேக்கின்ரை பாதி விலையும் இல்லை. லேப்டாப்புக்குப் போடுற 16 ஜிபி டி.டி.ஆர்4 மெமரி ரெண்டு மட்டும் கொண்டு வாங்கோ."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அது சட்டைப் பைக்குள்ள வருமே. அப்ப சூட்கேசில மிச்ச இடத்துக்கு என்ன கொண்டு வாறது?"

போனை அம்மாவிடம் கொடுத்தேன். லிஸ்ற் அவவிடம் இருக்கிறது.