நடுத்தர விலை டவர் ஸ்பீக்கர் நாலு: பெட்டியைவிட அறை பேசும் இடம்

டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) வாங்க நினைக்கும் பலரும் முதலில் கேட்பது "எதில் பாஸ் அதிகம்?" என்றுதான். கேள்வியைச் சற்று மாற்றி, "என் அறை எவ்வளவு பாஸைத் தாங்கும்?" என்று கேட்டால் பாதிப் பட்டியல் தானே கழிந்துவிடும். இந்த விலைப் பிரிவில் அடிக்கடி நேருக்கு நேர் நிறுத்தப்படும் நாலு ஜோடிகளை அந்தக் கோணத்தில் இங்கே அலசலாம்: டாலி ஓபரான் 5, க்யூ அகூஸ்டிக்ஸ் 3050ஐ, கிளிப்ஷ் ஆர்-620எஃப், வார்ஃபெடேல் டயமண்ட் 12.3. இவற்றில் சிலவற்றுக்கு அடுத்த தலைமுறை மாடல்கள் வந்துவிட்டன. பழைய இருப்பாகவோ செகண்ட் ஹேண்டாகவோ இவையே இன்னும் குறைந்த விலைக்கு அகப்படுவதால் ஒப்பீடு வீண் போகாது.

ஒலி அளவைச் சமப்படுத்தாமல் செய்யும் எந்த ஒப்பீடும் செல்லாது. வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால், சென்சிட்டிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) அதிகமுள்ளதே ஜெயிக்கும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைக் காது "தெளிவு" என்றும் "உயிர்ப்பு" என்றும் எடுத்துக்கொள்ளும். கடை டெமோவில் கிளிப்ஷ் முதல் நிமிடத்திலேயே ஆளை மயக்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பிங்க் நாய்ஸை (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் காது உயரத்தில் ஃபோனைப் பிடித்து, ஒலி அளக்கும் செயலியில் இரண்டு ஜோடிக்கும் உள்ள வித்தியாசத்தை அரை டெசிபெலுக்குள் கொண்டுவாருங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்கவேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் போதும். கூடவே போலாரிட்டியையும் (ஒயரின் +, − முனைகள்) பார்த்துவிடுங்கள். ஒரு பக்க ஒயர் தலைகீழாக மாட்டியிருந்தால் பாஸ் வற்றிப்போகும், நடுவில் நிற்கவேண்டிய குரல் அறையெங்கும் சிதறும். அதைக் கேட்டு ஸ்பீக்கரைக் குறை சொன்னவர்கள் ஏராளம்.

டாலி ஓபரான் 5

நாலில் சிறியது. உயரம் 83 சென்டிமீட்டர், எடை 10.8 கிலோ. மரநார் கலந்த ஐந்தேகால் அங்குல வூஃபர் (பாஸ் தரும் டிரைவர்) இரண்டு, 29 மில்லிமீட்டர் துணி டோம் ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் டிரைவர்) ஒன்று. சென்சிட்டிவிட்டி 88 டெசிபெல், இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு; குறையக் குறைய ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை) 6 ஓம். பொம்மை போல இருக்கிறதே என்று ஒதுக்கிவிடத் தோன்றும். 3க்கு 4 மீட்டர் அறையில் வைத்துக் கேட்டால்தான் இதன் அருமை தெரியும்.

மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்வோம். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) கும்கி கொடுக்கும்போது ஒலி கீழிருந்து மேலே வழுக்கி ஏறவேண்டும். ஓபரானில் அந்த ஏற்றம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர முடிகிறது. அதே சிறிய அறையில் பெரிய டவர்களைப் போட்டால் ஏற்றம் மறைந்து, ஒவ்வொரு கும்கியும் ஒரே நீளமுள்ள "தொம்" ஆகிவிடுகிறது. ஓபரானுக்கு ஆழமான பாஸ் கைவசம் இருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. அறை ஊதிப் பெருக்கும் இடத்தில் அது குறைவாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

குரல்கள் இதமாக வரும். "ஸ", "ச" ஒலிகள் குத்துவதில்லை. ட்வீட்டர் அகலமாகப் பரப்புவதால் இதை உட்காருபவரை நோக்கித் திருப்பவேண்டாம், நேராகவே நிறுத்தலாம். டாலி சொல்வதும் அதையேதான். உள்ளே திருப்பினால் ட்ரெபிள் தேவைக்கு மேல் கூடிவிடும். உயரம் குறைவு என்பதால் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தால் காது ட்வீட்டருக்கு மேலே போய்விடும். தாழ்வான சோஃபாவுக்கே இது பொருந்தும். இல்லையென்றால் முன் பக்கத்தைச் சில மில்லிமீட்டர் தூக்கி, முகப்பு மேல்நோக்கிச் சாயும்படி வைக்கலாம்.

குறை என்று பார்த்தால், பெரிய ஹாலில் சத்தத்தை ஏற்றியதும் மூச்சு வாங்கும். முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து எழும் இடத்தில் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும்.

க்யூ அகூஸ்டிக்ஸ் 3050ஐ

165 மில்லிமீட்டர் வூஃபர் இரண்டு, அவற்றுக்கு நடுவே 22 மில்லிமீட்டர் ட்வீட்டர். 91 டெசிபெல், 6 ஓம். இம்பீடன்ஸ் 4 ஓம் வரை இறங்கும். நீளமான பெட்டிக்குள் எழும் அழுத்த அலையை அடக்க உள்ளே ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் குழாய் வைத்திருக்கிறார்கள். அது வெறும் விளம்பரம் இல்லை. ஆண் குரலிலும் செல்லோவிலும் இந்த விலைப் பெட்டிகள் வழக்கமாகச் சேர்க்கும் மரப்பெட்டி அதிர்வு இதில் குறைவு. நாலில் "ஸ்பீக்கர் இருப்பதே தெரியவில்லை" என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் இதுதான்.

வூஃபருக்கு நடுவே ட்வீட்டர் என்ற அமைப்புக்கு ஒரு விலை உண்டு. பக்கவாட்டில் நகர்ந்தால் பெரிய மாற்றம் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றால் மட்டும் குரலின் நிறம் சட்டென மாறும். மேலும் கீழும் உள்ள வூஃபர்களிலிருந்து காதுக்கு வரும் தூரம் வேறுபட்டு, கிராஸோவர் பகுதியில் (வூஃபரும் ட்வீட்டரும் ஒலியைப் பங்கிடும் இடம்) ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதே காரணம். உட்கார்ந்து கேட்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. வீட்டு வேலை செய்தபடி நடமாடிக் கேட்பவர் யோசிக்கவேண்டும்.

போர்ட் (பாஸ் காற்று வெளிவரும் துளை) பின்னால். சுவரோடு ஒட்டினால் பாஸ் வீங்கும். அதற்காகவே ஸ்பாஞ்ச் அடைப்பான்களைக் கூடவே தருகிறார்கள். பலர் அதை அட்டைப்பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். அடைத்தால் பாஸ் சீக்கிரமே இறங்கத் தொடங்கும், ஆனால் சரிவு மென்மையாக இருக்கும். சிறிய அறையில் இந்தப் பேரம் லாபம்தான். கால்களைத் தாங்கும் ஸ்டெபிலைசர் பின்பக்கம் பக்கவாட்டில் நீண்டிருக்கும், அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

கிளிப்ஷ் ஆர்-620எஃப்

ஆறரை அங்குல செம்பு நிற வூஃபர் இரண்டு, ஹார்னுக்குள் (புனல் வடிவ வாய்) ஒரு அங்குல அலுமினிய ட்வீட்டர், பின்பக்கப் போர்ட். நிறுவனம் சொல்லும் சென்சிட்டிவிட்டி 96 டெசிபெல். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நிறுவனத்தின் ஸ்பீக்கர்களைச் சுயேச்சையாக அளந்தவர்களுக்குப் பெரும்பாலும் சில டெசிபெல் குறைவாகவே வந்திருக்கிறது. அப்படிக் கழித்தாலும் நாலில் அதிகச் சத்தம் கொடுப்பது இதுவே. "8 ஓமுக்கு உகந்தது" என்று போட்டிருப்பதையும் 8 ஓம் என்று படித்துவிடக் கூடாது. இது கேட்பது வாட் அல்ல, கரண்ட். சில இடங்களில் இம்பீடன்ஸ் நன்றாகவே இறங்கும்.

தவில், ட்ரம்ஸ், ட்ரம்பெட் என்று சட்டெனத் தாக்கும் ஒலிகளில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. குச்சி தோலில் படும் அந்தக் கணம் கண்ணெதிரே நடப்பதுபோல் இருக்கும். இரவில் வால்யூமைக் குறைத்து வைத்தாலும் அந்தத் துடிப்பு போவதில்லை. சினிமா பார்ப்பவர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

சங்கடமும் இங்கேதான். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றிருக்கும் அறையில் நாதஸ்வரத்தையோ பழைய ரெக்கார்டிங்கில் உள்ள வயலினையோ போட்டால் சிறிது நேரத்தில் காது கெஞ்சும். ஹார்ன் ஒலியை உட்காரும் இடத்தை நோக்கிக் குவிப்பதால், நேரே அதன் எதிரில் உட்காராமல் இரண்டு ஸ்பீக்கரின் அச்சும் தலைக்குப் பின்னால் அரை மீட்டர் தள்ளிச் சந்திக்கும்படி திருப்புங்கள். கூர்மை கொஞ்சம் மழுங்கும், நடுக்குரல் கலையாது. தரையில் கம்பளம், ஜன்னலில் கனமான திரை இரண்டும் போட்ட பிறகும் குத்தினால், இந்த ஸ்பீக்கர் உங்களுக்கானது இல்லை. கேபிளை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

வார்ஃபெடேல் டயமண்ட் 12.3

இரண்டரை வழி அமைப்பு: 130 மில்லிமீட்டர் வூஃபர் இரண்டில் மேலுள்ளது மிட்டையும் (நடு ஒலிகளையும்) சேர்த்துப் பார்க்கும், கீழுள்ளது பாஸுக்கு மட்டும் துணை நிற்கும். 89 டெசிபெல், நிறுவனம் சொல்வது 8 ஓம். நாலில் ஆம்ப்ளிஃபையரை அதிகம் படுத்தாதது. தம்புரா சுருதி, வீணை, பெண் குரல் மூன்றுக்கும் இதை முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். சண்டைப் படத்துக்கும் ராக் இசைக்கும் சாதாரணம். வேறு பெரிய சங்கதி இதில் இல்லை. தொல்லை தராததே இதன் சிறப்பு.

(ஈலாக் டெபியூ 2.0 எஃப்5.2-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கலாம். மூன்று வழி அமைப்பு, நல்ல ஸ்பீக்கர்தான். 86 டெசிபெல், 6 ஓம் என்பதால் திடமான ஆம்ப் இல்லாதவர்களுக்குத் தூங்கி வழியும். இங்கே பேசுவது சாதாரண ஆம்ப் வைத்திருப்பவர்களுக்காக.)

சுவரும் அறையும்

இந்த நாலின் வித்தியாசத்தையும் விழுங்கிவிடக்கூடியது ஸ்பீக்கருக்குப் பின்னுள்ள சுவர். வூஃபரிலிருந்து பின்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியை ஓரிடத்தில் வெட்டும். சுவருக்கும் வூஃபர் முகத்துக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து, 343-ஐ (ஒலி ஒரு நொடியில் செல்லும் மீட்டர்) அதன் நாலு மடங்கால் வகுத்தால் அந்த இடம் தெரிந்துவிடும். ஓபரானின் பெட்டி 28 சென்டிமீட்டர் ஆழம். சுவரிலிருந்து 22 விட்டால் மொத்தம் அரை மீட்டர். 343-ஐ 2-ஆல் வகுத்தால் 171 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் கனம் தங்கும் பகுதி அது. குரல் மெலிந்து கேட்டால் ஸ்பீக்கரை மாற்றும் முன் இன்னும் அரை மீட்டர் முன்னே இழுத்துப் பாருங்கள். ஒரு மீட்டரில் பள்ளம் 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, குரல் தப்பிவிடும். இழுக்க இடமே இல்லையா? நேர்மாறாகச் சுவரோடு நெருக்கி, போர்ட்டை அடைத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே, 40 முதல் 70 சென்டிமீட்டர் என்று, எல்லோரும் வைக்கும் இடம்தான் பெரும்பாலும் மோசமான இடம்.

அடுத்தது அறையின் அளவு. 4 மீட்டர் நீளம் 43 ஹெர்ட்ஸில் முழங்கும், 3 மீட்டர் அகலம் 57-இல். கூரையும் 3 மீட்டர் என்றால் அதே 57-இல் முழக்கம் இரண்டு மடங்கு சேரும். 3050ஐ-யும் ஆர்-620எஃப்-உம் அந்தப் பகுதியில் தாராளமாகக் கொடுக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட அறையில் அவை "பூம் பூம்" என்கின்றன. சோதித்துப் பார்க்க, 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். எந்த இடத்தில் ஜன்னல் கம்பி அதிர்கிறதோ அதுவே உங்கள் அறையின் எண். உட்காரும் இடம் நீளத்தின் சரிபாதியில் வேண்டாம், அங்கே 43 காணாமல் போகும். உங்கள் முதுகுக்குப் பின்னுள்ள சுவரோடு ஒட்டியும் வேண்டாம், அங்கே அது மலையாகும். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருந்து தொடங்கிச் சில சென்டிமீட்டராக நகர்த்துங்கள்.

ஆம்ப்

3 மீட்டர் தூரத்தில் ஒரு ஜோடி ஓபரான் ஒரு வாட்டில் ஏறக்குறைய 84 டெசிபெல் தரும். சாதாரணமாகக் கேட்பது 75 முதல் 80 வரைதான். ஆக அன்றாடம் செலவாவது அரை வாட்டுக்கும் கீழ். 20 வாட் இருந்தால் உச்சத்துக்கு 97 வரை இடமிருக்கிறது. டாலிக்கும் கிளிப்ஷுக்கும் சொல்லப்படும் 8 டெசிபெல் வித்தியாசம் பவரில் ஆறு மடங்குக்கு மேல் என்றாலும், சிறிய அறையில் அந்த ஆறு மடங்கு தேவைப்படுவதே இல்லை. மலிவான ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்கள் வாட்டைவிட 4 ஓமைத் தாங்குமா என்றே பார்க்கவேண்டும். தாங்காதென்றால் நாலில் முதலில் பார்க்கவேண்டியது வார்ஃபெடேல். 5 மீட்டர் வரையிலான ஓட்டத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும்.

எந்த அறைக்கு எது

12 சதுர மீட்டருக்குக் குறைவென்றால் ஓபரான் 5. அதைவிடவும் நல்ல யோசனை, அதே விலைக்கு உயர்ந்த ரக புக்ஷெல்ஃபும் (சிறிய பெட்டி ஸ்பீக்கர்) ஸ்டாண்டும். டவரில் உங்கள் பணத்தில் கணிசமான பகுதி மரப்பலகைக்குப் போகிறது. 15 முதல் 25 சதுர மீட்டர், சுவரிலிருந்து முன்னே இழுக்க இடமுண்டு, உட்கார்ந்து கேட்கும் பழக்கம் என்றால் 3050ஐ-க்கு இந்தப் பட்டியலில் போட்டி இல்லை. அதே அறை, ஆனால் ஆம்ப் சுமார், கேட்பது பெரும்பாலும் குரலிசை என்றால் டயமண்ட் 12.3. பெரிய ஹால், கம்பளம், சினிமா மூன்றும் சேர்ந்தால் ஆர்-620எஃப். மூன்றில் கம்பளம் விட்டுப்போனால் அதையும் விட்டுவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால் எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு டிரைவருக்கும் அருகில் தனித்தனியாகக் காதை வையுங்கள். முன்பு பார்ட்டிக்கு ஓடிய ஜோடியில் ட்வீட்டர் ஒன்று செத்திருப்பது சகஜம், மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அது தெரியாது. வூஃபர் கோனை விரிந்த விரல்களால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். உள்ளிருக்கும் கம்பிச்சுருள் உரசும் சத்தம் வந்தால் விலை பேசவேண்டாம். அடியில் ஸ்பைக் மாட்டும் திருகுத் துளைகள் பிய்ந்திருக்கிறதா என்பதையும் பெட்டியைச் சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.