கருவிக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?

ஆள்சேர்ப்புக் குழுவுக்கு பட்ஜெட் போடும்போது மேசையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று, புது மென்பொருளுக்கான விலைப்புள்ளி. இன்னொன்று, ரெக்ரூட்டர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்ற கோரிக்கை. முதல் தாளில் பெரும்பாலும் கையெழுத்து விழுந்துவிடும். இரண்டாவது, 'அடுத்த காலாண்டில் பார்ப்போம்' என்று ஓரமாகப் போகும். மென்பொருளுக்கு டெமோ உண்டு, வண்ண வண்ண டாஷ்போர்டு உண்டு. நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு ரெக்ரூட்டரை அப்படி டெமோ போட்டுக் காட்ட முடியாது.

எது தேவை என்று கேட்டால் 'இரண்டும்தான்' என்பார்கள். சரிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு பட்ஜெட் போட முடியாது. எந்த வேலையை எதனிடம் கொடுப்பது என்று முதலில் பிரிக்க வேண்டும்.

நான் ஆளெடுப்பை மூன்று துண்டாகப் பார்க்கிறேன். தொடக்கத்தில், ஹயரிங் மேனேஜருடன் (ஆள் தேவைப்படும் பிரிவின் மேலாளர்) உட்கார்ந்து, உண்மையில் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதை வாயிலிருந்து வரவழைக்கும் வேலை. நடுவில், விளம்பரம் போடுவது, ரெஸ்யூம்களை ஒரே இடத்தில் சேர்ப்பது, இன்டர்வியூவுக்கு நேரம் குறிப்பது, நிலவரம் சொல்வது. கடைசியில், நேர்காணல், தேர்வு, ஆஃபரை ஏற்க வைப்பது. நடுத்துண்டில் மென்பொருளோடு யாரும் போட்டி போட முடியாது. இரண்டு முனைகளிலும் அது வெறும் எடுபிடி.

நடுத்துண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு பேருடைய காலண்டரைப் பார்த்து ஒரு நேரம் பிடிப்பதற்கு நாள் முழுக்க மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு, இந்த வேலைகளைக் கவனிக்கும் ஏடிஎஸ் என்ற ஆளெடுப்பு மென்பொருள் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. விண்ணப்பித்தவர்களுக்குப் பதிலே போகவில்லை என்ற புகாரும் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். இதற்குப் பயிற்சி கொடுப்பது வீண். இன்னும் வேகமாகத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ளச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

முனைகளில் கதை வேறு. ஜாவா தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டால், பெயர் மட்டுமே ஒத்த வேறொரு நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ஆட்களையும் சேர்த்து அனுப்பும் ரெக்ரூட்டரை எல்லாரும் பார்த்திருப்போம். அவர் கையில் விலை உயர்ந்த தேடல் கருவியைக் கொடுங்கள். முன்பு இருபது தவறான ஆட்களை அனுப்பியவர் இப்போது இருநூறு பேரை அனுப்புவார், அதுவும் அரை மணி நேரத்தில்.

2021-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் ஆலோசனை நிறுவனமான ஆக்சென்ச்சரும் வெளியிட்ட ஆய்வில், உயர்திறன் வேலைகளுக்குத் தகுதியுள்ள ஆட்களே வடிகட்டலில் விழுந்துவிடுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. வேலை விவரத்தில் எழுதிய தகுதிகளோடு அப்படியே பொருந்தாததுதான் காரணம். இதில் மென்பொருள் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அந்த நீளமான தகுதிப் பட்டியலை எழுதியது யார்? 'இதில் எது இல்லாவிட்டால் ஆள் வேண்டாம், எது இருந்தால் நல்லது?' என்று மேனேஜரிடம் திருப்பிக் கேட்கத் துணிந்த ஒரு ரெக்ரூட்டர் இருந்திருந்தால் அந்தப் பட்டியல் பாதியாகியிருக்கும். அந்தத் துணிச்சல் பயிற்சியில்தான் வரும்.

கடைசி முனையில் ஆதாரம் இன்னும் தெளிவு. பணியிட உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட்டும் அவரது குழுவும் 2022-இல், பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி, ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை எந்தத் தேர்வு முறை நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது என்று கணக்கிட்டார்கள். முதலிடம் பெற்றது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல். அதன் குறியீடு 0.42 (1 என்றால் கணிப்பு முழுக்கச் சரி, 0 என்றால் கணிப்பே இல்லை). மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.19 மட்டுமே. இந்த இடைவெளியைக் கடக்க மென்பொருள் லைசென்ஸ் எதுவும் வேண்டாம். கேள்வி தயாரிக்கவும், மதிப்பெண் தாள் வைக்கவும், அதை விடாமல் கடைப்பிடிக்கவும் பழக வேண்டும், அவ்வளவுதான். (மேனேஜர்களும் பழக வேண்டும். அவர்களை வகுப்புக்கு வரவழைப்பது தனிக் கலை.)

செலவைப் பார்ப்போம். மென்பொருளுக்கு, அதைப் பயன்படுத்தும் ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கட்டணம். யாரும் திறக்காத கணக்குக்கும் சேர்த்துத்தான். பழைய தரவை மாற்றும் வேலையும் அமைப்பைச் சரிசெய்யும் வேலையும் விலைப்புள்ளியில் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பயிற்சியில் மறைந்திருக்கும் செலவு நேரம். இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்தால் அந்த இரண்டு நாளும் காலியிடங்கள் காத்திருக்கும்.

இங்கே ஒரு கணக்குத் தில்லுமுல்லும் நடக்கும். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று விற்பனையாளர் நடத்தும் வகுப்பைப் பயிற்சிச் செலவில் எழுதிவிடுவார்கள். அது மென்பொருளின் செலவுதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பல குழுக்களில் பயிற்சிக்கு மிஞ்சுவது பூஜ்யம்.

மென்பொருள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி பெற்ற ரெக்ரூட்டர் வேலையை விட்டுப் போனால் அந்தத் திறமையும் கூடவே போய்விடும். மென்பொருளும் அதிலுள்ள தரவும் நிறுவனத்திலேயே இருக்கும். மறுக்க முடியாது. ஆனால் பயிற்சியின் விளைவாக ஒரு கேள்வித் தொகுப்பும் மதிப்பெண் தாளும் எழுத்தில் மிஞ்சினால், அதுவும் நிறுவனத்தின் சொத்துதான். அப்படி எதையும் விட்டுச் செல்லாத, ஊக்கமூட்டும் பேச்சு வகைப் பயிற்சிக்கு நான் ஒரு காசுகூட ஒதுக்க மாட்டேன்.

இன்னொன்று, ஏஐ வைத்து ஆட்களை வடிகட்டும் கருவி வாங்கினால் பயிற்சிச் செலவு தானாகவே கூட வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு ஏஐ சட்டம் இத்தகைய கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்துகிறது. அவற்றைப் பயன்படுத்துவோர், தகுதியும் பயிற்சியும் அதிகாரமும் உள்ள மனிதர்களை மேற்பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது.

சரி, எப்படிப் பிரிப்பது? ஆண்டுக்குச் சில பேரை மட்டும் எடுக்கும் சிறு குழுவுக்கு ஒரு விரிதாள் போதும். பணம் முழுவதும் நேர்காணல் பயிற்சிக்குப் போகட்டும். ஒரே மாதிரியான வேலைக்கு நூற்றுக்கணக்கில் ஆள் எடுப்பவர்கள் முதலில் மென்பொருளை வாங்க வேண்டும், தயக்கமே வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், கடைசியாக நிரப்பிய பத்து இடங்களை எடுத்து, நாட்கள் எங்கே கரைந்தன என்று எழுதிப் பார்க்கலாம். பதிலுக்கும் நேரம் குறிப்பதற்கும் காத்திருந்ததில் கரைந்திருந்தால் மென்பொருள். முதல் ஷார்ட்லிஸ்டையே மேனேஜர் திருப்பி அனுப்பியதிலோ, ஆஃபர் மறுக்கப்பட்டதிலோ, சேர்ந்தவர் சில மாதங்களில் கிளம்பியதிலோ கரைந்திருந்தால் பயிற்சி. (சம்பளமே குறைவு என்றால் இரண்டாலும் பயனில்லை.)

பயிற்சி என்று வந்து, கையில் பணம் இல்லை என்றால், லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பு, மூன்று மாதமாக யாரும் உள்நுழையாத கணக்குகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் இடம் கொடுத்தால் அவற்றை வெட்டி, அந்தத் தொகையில் முதல் வகுப்பை வைத்துவிடலாம்.