பட்டப்படிப்பு இல்லாமல் வெளிநாட்டு வேலை: இ-மைகிரேட்டும் ஓ.எம்.சி.யும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பத்தாவது, ஐ.டி.ஐ., இல்லையென்றால் கைத்தொழில் மட்டும். இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்றால், வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ சட்டப்படி வேலைக்குப் போக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், ஓ.எம்.சி. என்றால் பலருக்குத் தெரியும். இரண்டு, வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் வாங்கிய தனியார் ஏஜென்ட். மூன்று, வெளிநாட்டு முதலாளியே நேராக ஆள் எடுப்பது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர் எந்த வழியில் போனாலும் இ-மைகிரேட் என்ற மத்திய அரசின் தளத்தைத் தாண்டித்தான் போக முடியும். அந்தத் தளத்தையும் ஓ.எம்.சி.யையும் பற்றியது இந்த மதிப்புரை. முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இ-மைகிரேட் காக்கும், ஆனால் வேலை தேடித் தராது. ஓ.எம்.சி. ஏமாற்றாது, ஆனால் காக்க வைக்கும்.

சென்னைக்காரருக்கு இ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகிற ரோடு. பாஸ்போர்ட்டில் அதே மூன்று எழுத்துக்கு அர்த்தம் வேறு. பத்தாவது தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் முன்னதாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான குறி அது. வளைகுடா நாடுகள் ஆறும், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான் போன்றவையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. சிங்கப்பூர் வராது.

அந்தக் குறியை ஒரு குறைபோல நினைத்து, எப்படியாவது எடுத்துவிடத் துடிப்பவர்கள் நிறைய. நிஜத்தில் நான்கு பேர் கண்ணில் படாமல் இ.சி.ஆர்.காரரால் விமானம் ஏற முடியாது என்பதே அந்தக் குறி தரும் லாபம். முதலாளி இ-மைகிரேட்டில் பதிந்தவரா என்று பார்க்கப்படும். ஒப்பந்தச் சம்பளம் அந்த நாட்டுக்கும் அந்த வேலைக்கும் இந்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் விண்ணப்பம் நகராது. காப்பீடும் கட்டாயம். பத்தாவது தேறியவருக்கு இதில் எதுவும் கட்டாயமில்லை. அவர் கொத்தனாராகவோ கிளீனராகவோதான் போகிறார், படும் பாடும் ஒன்றுதான். ஆனால் மதிப்பெண் சான்றிதழ் ஒன்று அவரை இந்த வலைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. 2019 ஜனவரி முதல் இவர்களும் பதிய வேண்டும் என்று அரசு அறிவித்தது, பிறகு அதை நிறுத்தி வைத்தது. இப்போது விருப்பம் இருந்தால் பதியலாம். திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது எங்கள் கருத்து. பத்தாவது தேறியவர்கள் தாங்களாகவே பதிந்துகொள்வது நல்லது.

நேர்மாறான சிக்கலும் உண்டு. பத்தாவது தேறியிருப்பார், பாஸ்போர்ட் எடுத்தபோது சான்றிதழைக் காட்டாததால் இ.சி.ஆர். விழுந்திருக்கும். இதற்கு இடைத்தரகர் வேண்டாம். பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, விவர மாற்றத்தில் இ.சி.ஆர். நீக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்து, அசல் சான்றிதழுடன் போனால் போதும். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். அங்கீகாரம் பெற்ற இரண்டு வருட ஐ.டி.ஐ. படிப்பு, வருமான வரி கட்டிய சான்று, 50 வயது கடந்தது ஆகியவற்றுக்கும் இதே விலக்கு கிடைக்கும்.

இ-மைகிரேட்டின் அருமை அதன் ஏஜென்ட் பட்டியலில் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. உரிம எண் நீளமாக இருக்கும்: ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கி, ஊர்ப்பெயர், தனிநபரா பங்குதாரர்களா கம்பெனியா என்ற குறிப்பு, எத்தனை பேரை அனுப்பலாம் என்ற அளவு, கடைசியில் வருடம். பெரிய ஏஜென்ட் 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுத்திருப்பார், 100 பேர் வரை மட்டும் அனுப்பும் சிறியவர் 8 லட்சத்துக்கு. தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்று தெரியும்.

பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். போலி ஆட்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மும்பையில் உண்மையாகவே நடக்கும் ஒரு கம்பெனியின் உரிம எண்ணைத் தன் நோட்டீஸில் அச்சடித்து, கீழே தன் செல்போன் நம்பரைப் போடுவது இவர்களின் பழைய வித்தை. எண்ணைத் தேடினால் சரியாகத்தான் வரும். நோட்டீஸில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, தளத்தில் அந்த உரிமத்துக்கு நேராக இருக்கும் நம்பருக்கு அடித்து, “இந்த ஊரில் உங்களுக்குக் கிளை இருக்கிறதா, இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா?” என்று கேட்க வேண்டும். கிளை அலுவலகத்துக்கும் தனியாக அனுமதி வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது, அவர் மாமன் மச்சானாகவே இருந்தாலும்.

அடுத்தது பணம். உரிமம் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400 சேர்த்தால் 35,400. இதற்கு ரசீது தர வேண்டும். நடப்பது என்னவென்றால், ஒன்றரை லட்சம் கேட்பார்கள். 35,400-க்கு ரசீது கொடுத்துவிட்டு மீதியை ‘விசா காசு’ என்று ரொக்கமாக வாங்கிக்கொள்வார்கள். பிரச்சினை வந்து புகார் கொடுக்கும்போது கையில் இருக்கும் ஒரே காகிதம், அவர் சட்டப்படி நடந்தார் என்று சொல்லும் காகிதமாக இருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுப்பதுதான் தற்காப்பு. வங்கியில் வாங்க மாட்டேன் என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ‘விசா காசு’ என்ற சொல்லே ஒரு பொய். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவை முதலாளி தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது.

ஓ.எம்.சி. 1978-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். அலுவலகம் சென்னை கிண்டியில். அங்கேயும் வளைகுடா வேலைக்குச் சேவைக் கட்டணம் அதே 35,400தான், ஒரு பைசா கூடாது. தங்களுக்கு இடைத்தரகரோ ஏஜென்ட்டோ யாரும் இல்லை என்று அவர்களே விளம்பரத்தில் சொல்கிறார்கள். ஆகவே “ஓ.எம்.சி.யில் எனக்கு ஆள் தெரியும்” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம். பதிவு செய்துவிட்டால் வேலை வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. வெளிநாட்டு முதலாளி கேட்டால்தான் ஆள் எடுப்பார்கள். குறிப்பிட்ட தொழில், குறிப்பிட்ட வயது, இத்தனை வருட அனுபவம் என்று அறிவிப்பு வரும். நான்கு நாளில் நேர்காணல் என்றால் பாஸ்போர்ட்டும் அனுபவச் சான்றிதழும் அப்போது கையில் இருக்க வேண்டும். அன்றைக்குப் போய் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் நேர்காணல் முடிந்துபோயிருக்கும். வெல்டர், எலெக்ட்ரீஷியன், கனரக வாகன டிரைவர், ஏ.சி. மெக்கானிக் போன்றவர்களுக்குப் பயன் உண்டு. எந்தத் தொழிலும் கற்காத ‘ஹெல்பர்’ இதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் வருடம் ஓடிவிடும்.

பெண்களுக்கு நிலைமை வேறு. 30 வயது நிரம்பாத இ.சி.ஆர். பெண்களுக்கு அந்த 18 நாடுகளுக்கு வேலை அனுமதி கிடையாது. வீட்டுவேலைக்குப் போகிறவர்களை அனுப்பும் பொறுப்பை 2016-இல் அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். தமிழ்நாட்டில் அது ஓ.எம்.சி. வீட்டுவேலைக்கு விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அவர் சுற்றிக்கொண்டு போக நினைப்பது இந்த விதியைத்தான்.

பட்டம் இல்லாதவரைப் பிடித்து நிறுத்துவது படிப்பைவிட இரண்டு சின்ன விஷயங்கள். முதலாவது மெடிக்கல். வளைகுடாவுக்கு ‘வாஃபித்’ தளத்தில் பதிந்து, அவர்கள் குறிக்கும் மையத்தில் பரிசோதனை செய்ய வேண்டும். பழைய ஆட்கள் இன்னும் காம்கா என்பார்கள். எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே ‘அன்ஃபிட்’ ஆகிவிடலாம். ஆகவே சேவைக் கட்டணம் கட்டும் முன் உள்ளூரில் சில நூறு ரூபாயில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். இரண்டாவது பெயர். நம் ஊரில் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வருபவரை ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கினார்கள். எப்படியும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு பாஸ்போர்ட் எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. சவூதிக்குப் போகும் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் போன்றவர்களுக்கு 2023 முதல் ‘தகாமுல்’ திறன் தேர்வும் சேர்ந்துகொண்டது.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது மொத்தச் சம்பளத்தைவிட ‘பேசிக்’ என்ன என்று பாருங்கள். அமீரகத்தில் ஒருவருக்கு 1,200 திர்ஹாம் பேசிக். இன்னொருவருக்கு 800 பேசிக், 400 அலவன்ஸ். மாதக் கடைசியில் இருவருக்கும் ஒரே தொகை. ஆனால் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். முதலாமவருக்கு வருடத்துக்கு 840, இரண்டாமவருக்கு 560. ஐந்து வருடத்தில் 1,400 திர்ஹாம் காணாமல் போகும். ஓ.டி. கணக்கும் பேசிக்கை வைத்துத்தான். அமீரகத்தின் வேலை உறுதிக் கடிதத்தைத் தொழிலாளர் அமைச்சகம் தமிழிலும் தருகிறது. அரபியும் ஆங்கிலமும் புரியாமல் கையெழுத்துப் போடும் முன் தமிழ்ப் படியைக் கேட்டு வாங்க வேண்டும்.

இ.சி.ஆர்.காரருக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். இது பலருக்குத் தெரியும். வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 வரை உண்டு என்பதும், முதலாளி ஒப்பந்தத்தையே மாற்றிவிட்டதால் திரும்ப நேர்ந்தால் விமானக் கட்டணம் கேட்கலாம் என்பதும் பாலிசி கையில் இருப்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. ஏஜென்ட் அந்தக் காகிதத்தைத் தன் ஃபைலில் வைத்துக்கொள்வதுதான் காரணம். ஒரு படி வீட்டில் இருக்கட்டும். ஒரு நாள் பயண முன்பயிற்சி இலவசம், போய் உட்காரலாம். அந்த நாட்டில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்றாவது தெரியும்.

இந்த ஏற்பாடு முழுவதையும் ஒன்றுமில்லாமல் ஆக்குவது விசிட் விசா. வேலை விசாவுக்குத்தான் குடிபெயர்வு அனுமதி வேண்டும், சுற்றிப் பார்க்கப் போக வேண்டியதில்லை. “போய் இறங்கு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்பவரின் வியாபாரமே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமலே 30 நாள் போகலாம் என்று ஆன பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூப்பிட்டு, எல்லை ஊரான மே சாட்டிலிருந்து மோய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கதைகளில் தமிழ்நாட்டு இளைஞர்களும் 2022-இல் மாட்டினார்கள். சவூதி ‘ஃப்ரீ விசா’வும் இதே ரகம்: விசா ஒரு கஃபீல் (விசா தரும் முதலாளி) பெயரில், வேலை வேறொருவரிடம். அந்தக் கஃபீல் ‘ஹுரூப்’ என்று புகார் கொடுத்துவிட்டால் நீங்கள் ஓடிப்போனவர்.

புகார் பகுதிதான் பலவீனம். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்துக்கு ‘மதத்’ தளம் வழியாக எழுதலாம். இந்தியாவிலிருந்து அழைக்க 1800 11 3090 என்ற இலவச எண்ணும் உண்டு. ஊரில் ஏமாந்தவர் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கு இ-மைகிரேட்டிலேயே புகார் பதியலாம், காவல் நிலையத்திலும் தனியாகக் கொடுக்க வேண்டும். உரிமம் உள்ளவர் என்றால் வங்கி உத்தரவாதம் என்ற பிடி இருக்கிறது, பேச்சுவார்த்தைக்கு வருவார். உரிமமே இல்லாதவருக்கு 1983 சட்டம் வைத்திருக்கும் தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரு ஆளிடம் ஒன்றரை லட்சம் வாங்குபவருக்கு இரண்டாயிரம் ரூபாய்.