நான்கு கம்பியா, ஐந்து கம்பியா?

வேலூர்ப் பக்கம் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் (பாட்டுக்கு அடித்தளமாகத் தாழ்ந்த ஸ்வரங்களைத் தரும் கிட்டார்) வாசிக்க நான்கு கம்பியே போதும் என்பார்கள். எடை குறைவு, கழுத்தும் ஒல்லி. குடியாத்தம், ஆம்பூர் என்று திருவிழா மேடைகளில் மணிக்கணக்கில் நிற்பவருக்கு அது பெரிய விஷயம். கம்பி செட்டும் மலிவு.

ஆனால் பாடகர் மேடையேறிய பிறகுதான், "அண்ணே, தொண்டை கட்டியிருக்கு, ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கட்டை என்றால் சுருதி அளவு; மூன்று கட்டை மேற்கத்திய ஸ்வரத்தில் ஈ, இரண்டு கட்டை டி. மூன்று கட்டைப் பாட்டு இரண்டுக்கு வந்துவிடும். நான்கு கம்பியின் அடி ஸ்வரம் ஈ, சுமார் 41 ஹெர்ட்ஸ். கீழே டி கிடையாது. மேல் ஆக்டேவுக்கு (அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயிக்கு) தாவினால் பாட்டின் கனம் போச்சு. ஐந்தாவது கம்பி பி வரை, ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மண்டபத்துச் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்காது, அது வேறு கதை. திருவிழாவில் வைக்கும் சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கருக்கு) என் ஓட்டு ஐந்துக்கே.