62,500 ரூபா போச்சு: கரையோரச் சுற்றுலா எண்டு பெரிய அட்வான்ஸ் கட்டாதேங்கோ

ஞாயிறு இரவு பத்தரைக்கு பஸ்ஸில வந்து இறங்கினம். இண்டைக்குப் புதன். அம்மாவின்ர கால் வீக்கம் இன்னும் வத்தேல்ல. கோவம் ஆறமுந்தி எழுதிப்போடவேணும். ஆறினா "சரி, விடு" எண்டு நானே விட்டிடுவன். திருகோணமலையில எல்லாரும் அப்பிடி விட்டுவிட்டுத்தான் இந்தச் சுற்றுலா வான்காரருக்கு இந்தத் துணிவு வந்தது.

அக்கா குடும்பம் பதினொரு வருசத்துக்குப் பிறகு கனடாவில இருந்து வந்திருக்கு. அம்மா பிறந்தது மட்டக்களப்புக் கல்லடி. கலியாணம் கட்டி இஞ்ச வரேக்க ஆத்துக்கு ஆறு பாதையில ஏறி இறங்கி வந்தவ (பாதை எண்டா வாகனம் ஏத்துற மிதவை, வெளியூர் ஆக்களுக்குச் சொல்லுறன்). 2009 ல கிண்ணியாவில 396 மீற்றர் பாலம் திறந்து, மற்ற ஆறுகளுக்கும் பாலம் வந்து, இப்ப மூதூர், வெருகல், வாகரை எண்டு மட்டக்களப்புக்கு ஒரே ஓட்டம். அம்மா அந்தப் பாலங்களுக்கு மேலால ஒருக்காலும் போகேல்ல. பேரப்பிள்ளையளோட போகவேணும் எண்டு ஆசைப்பட்டா.

அதுக்குத்தான் டவுனுக்குள்ள இருக்கிற ஒரு வான் ஹயர் இடத்துக்குப் போனன். பேர் போடேல்ல, நாளைக்கு வழக்கு கிழக்கு எண்டு வருவாங்கள். வாசலில "சரித்திரக் கரையோர நகரங்கள், இரண்டு நாள்" எண்டு பெரிய பனர். உள்ளுக்க இருந்தவர் நெத்தியில திருநீறு, வயசு ஐம்பது இருக்கும். பிளேன்ரீ எடுத்துத் தந்தார். பிறகு கதை தொடங்கினார் பாருங்கோ! போத்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்சு 1624 ல கோட்டை கட்டினது, ஒல்லாந்தர் 1638 ல மட்டக்களப்புக் கோட்டையைப் பிடிச்சு அடுத்த வருசமே இஞ்ச வந்தது, 1660 ல மூதூரில பிடிபட்ட இங்கிலீஸ்காரன் றொபேட் நொக்ஸ் 19 வருசம் கண்டி ராச்சியத்துக்குள்ள கிடந்து தப்பினது. ஒண்டும் பிழையில்லை, நான் படிச்சதுதான். கோட்டை வாசல் கல்லில இருக்கிற "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" எண்டதை ராகத்தோட சொன்னார் (பறங்கி எண்டா போத்துக்கேயர்). எங்களைப் பிரிச்சது பறங்கியில்லை, பக்கத்துத் தெருக்காரன்.

ஆனா நான் விழுந்தது சரித்திரத்தில இல்லை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு எண்டு சொன்னவுடன மேசைக்குக் கீழ குனிஞ்சு ஒரு சின்னப் பலகை எடுத்து வைச்சார். நாலு கால், மேல சிவப்பு றப்பர் விரிப்பு ஆணி அடிச்சிருக்கு. "தம்பி, அம்மா வானில ஏறி இறங்கத்தான் இது. என்ர அம்மாவுக்குச் செய்வித்தது. வானோட அனுப்பிவிடுவன், முன் சீட்டும் அவவுக்குத்தான்" எண்டார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. ஏழு பேருக்கு ஏசி வான், பாசிக்குடாவில ஒரு இரவு ரெண்டு அறை, மொத்தம் 92,500. "ஹொட்டல்காரர் காசு போட்டாத்தான் அறை பிடிப்பினம்" எண்டு 62,500 கேட்டார். காசை எண்ணி அவற்ர கையில குடுத்தன். காசு கட்டினதுக்கு ஒரு பில் துண்டு தந்தவர். வீட்டில மனிசி வாங்கிப் பார்த்திட்டு, "இதில பதிவு இலக்கமும் இல்லை, போன் நம்பரும் இல்லையே" எண்டா. "நம்பிக்கையில செய்யிற ஆள்" எண்டு அவவின்ர வாயை அடைச்சன். மடையன்.

சனிக்கிழமை காலமை ஆறுக்கு வரவேண்டிய வான் ஒன்பதே காலுக்கு வந்துது. ஏசி வேலை செய்யேல்ல. பலகை இல்லை. அம்மா தண்ணிப் போத்தல் பெட்டியில கால் வைச்சு ஏறேக்க அது நசிஞ்சு, முழங்கால் வானின்ர விளிம்பில அடிபட்டுது. அந்த வீக்கம்தான். பெற்றோல் செட்டில நிப்பாட்டி, "முதலாளி டீசல் காசு தரேல்ல, அண்ணை" எண்டு றைவர் பெடியன் கையை நீட்டினான். குடுத்தன். மூதூரில மருமகன் நொக்ஸின்ர நினைவுக்கல்லைக் கேக்க, "நொக்ஸோ? அது என்ன கடை?" எண்டான். பெடியனில கோவமில்லை. அவனுக்கு ஒரு நாள் ஹயர் எண்டுதான் சொல்லியிருக்கு.

பாசிக்குடாவுக்கு இருட்டினாப் பிறகு போய்ச் சேர்ந்தம். ஹொட்டலில இருந்த பிள்ளை கொம்பியூட்டரை எங்கட பக்கம் திருப்பிக் காட்டினா: எங்கட பேரில ஒண்டுமில்லை, அறையும் நிரம்பிப்போச்சு. பெடியன் பெட்டியளை இறக்கி வைச்சிட்டு வானைத் திருப்பிக்கொண்டு போட்டான். பக்கத்தில ஒரு சின்ன இடத்தில 28,000 குடுத்துப் படுத்தம். அடுத்த நாள் அம்மாவால நடக்கேலாது. மட்டக்களப்புக் கோட்டையும் இல்லை, கல்லடிப் பாலமும் இல்லை, வாழைச்சேனையில பஸ் ஏறி வந்தம். "பாலம் எங்க போகப் போகுது" எண்டா அம்மா. அதைக் கேக்கத்தான் எனக்கு வயிறு எரியுது.

இனி அவரின்ர பதிலுகளைக் கேளுங்கோ. சனி இரவு: "ஹொட்டல்காரற்ர பிழை, கதைச்சிட்டு எடுக்கிறன்." எடுக்கேல்ல. ஞாயிறு: "தம்பி, கோயிலில நிக்கிறன்." திங்கள்: "காசு ஏஜென்றிட்டப் போட்டுது, அவர் கொழும்பில." நான் 62,500 எண்டு சொல்லச் சொல்ல அவர் "அந்தச் சின்னக் காசு" எண்டு சொல்லுறார். செவ்வாய் நேரில போனன். வேற ஒரு பெடியன் இருந்தான், "ஐயா வரமாட்டார்" எண்டான். பலகை மேசைக்குக் கீழதான் கிடந்துது. துண்டைக் காட்டினா, "இது பழைய பில் புத்தகம், இப்ப நாங்கள் இதைப் பாவிக்கிறேல்ல" எண்டான். வட்ஸ்அப்பில என்னை புளொக் பண்ணியாச்சு. பொலிசில எழுதிக் குடுத்திருக்கு, நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 க்கும் அடிச்சிருக்கு. 62,500 வரும் எண்டு நம்பிக்கையில்லை.

என்ன செய்யவேணும் எண்டு விவரமா எழுதத்தான் இருந்தன், கை நடுங்குது. ஹொட்டல் காசை ஹொட்டலுக்கே கட்டுங்கோ. வான் நம்பரையும் றைவரின்ர போன் நம்பரையும் முதல் நாளே வாங்குங்கோ. பதிவு இலக்கம் இல்லாத துண்டுக்குக் காசு குடுக்காதேங்கோ. மனிசி சொன்னா கேளுங்கோ.

வாற சனிக்கிழமைக்கு இப்பிடி ஒரு இடத்தில அட்வான்ஸ் கட்டின ஆக்கள் ஆரும் இருந்தா, இண்டைக்கே ஹொட்டலுக்கு நீங்களே போன் அடிச்சு உங்கட பேரில அறை இருக்கோ எண்டு கேளுங்கோ.