ஐந்து மூளைக்கும் ஒரே சிவப்புப் பொட்டு: வேலூரில் வாங்கிய விலங்கியல் மாடல் செட்

காட்பாடியில் வீட்டு மாடியில் பி.எஸ்சி. விலங்கியல் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லேப் சாமான் கடையில் மூளை மாடல் செட் ஒன்று வாங்கினேன், 3,400 ரூபாய். சுறா, தவளை, ஓணான், புறா, முயல் என்று பரீட்சைக்கு நாமெல்லாம் வரைந்து வரைந்து பழகிய அதே ஐந்து மூளைகள். டிசெக்‌ஷன் நின்றுபோன பிறகு இந்தப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கிற மூளை இதுதான், அதனால் இதில் தப்பு இருந்தால் அந்தத் தப்பையே படித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சுறாவின் முகர்வுப் பகுதி எவ்வளவு பெரியது, புறாவின் சிறுமூளையில் எவ்வளவு மடிப்பு என்பதெல்லாம் கையில் எடுத்த உடனே புரிகிறது. பிளாஸ்டிக் கெட்டியானது, இரண்டு தடவை கீழே விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பீனியல்! மூளையின் மேல்பக்கம் நடுவில் இருக்கும் சின்ன உறுப்பு அது. ஐந்து மூளையிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில், ஒரு சிவப்புப் பொட்டு. அச்சில் வார்த்த பிறகு யாரோ வரிசையாக பிரஷ்ஷால் தொட்டு வைத்த மாதிரி இருக்கிறது. ஒப்பீட்டு உடற்கூறியலில் விலங்குக்கு விலங்கு இவ்வளவு மாறுகிற உறுப்பு மூளையில் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம், அதைப் போய் பொட்டாக்கிவிட்டார்களே என்று மனசு கஷ்டப்பட்டது.

சுறாவுக்கு அது பொட்டே இல்லை, மெல்லிய நீண்ட காம்பு. முன்பக்கமாக ஏறி மண்டைக்கூரையின் அடியில் போய் முட்டும். மீன்களின் பீனியலில் இருக்கும் செல்கள் நம் விழித்திரையின் கூம்பு செல்களைப் போல நேரடியாக ஒளியை உணர்பவை. தவளைக்கு மூளைமேல் இருக்கும் பீனியல் போக, இரண்டு கண்ணுக்கும் நடுவில் தோலுக்கு அடியிலேயே இன்னொரு சின்ன உறுப்பு உண்டு, அங்கிருந்து ஒரு நரம்பு மண்டையைத் துளைத்து உள்ளே போகும். மாடலில் இந்த இரண்டாவது உறுப்பு அடியோடு இல்லை.

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது ஓணான் விஷயத்தில்தான். வேலிமேல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதன் உச்சந்தலைச் செதிலுக்குக் கீழே நிஜமாகவே ஒரு கண் இருக்கிறது, லென்ஸும் விழித்திரையும் உள்ள கண். அந்த விழித்திரையின் கட்டமைப்பு நம்முடையதைவிட எளிது: நம் கண்ணில் ஒளியுணர் செல்லுக்கும் மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு செல்லுக்கும் நடுவில் இன்னொரு அடுக்கு செல்கள் உண்டு, இங்கே அந்த நடு அடுக்கு கிடையாது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகவே செய்தி போகிறது. அதே வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இந்தக் கண் இல்லை. முதலைக்கோ பீனியலே இல்லை. இதை வகுப்பில் சொன்னபோது குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பெண், "சார், அப்போ ஓணான் மேலே பருந்து வந்தா பார்க்குமா?" என்று கேட்டாள். உருவம் தெளிவாகத் தெரியாதும்மா, வெளிச்சமும் நிழலும் தெரியும் என்றேன். மாடலைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் காட்ட முடியவில்லை.

புறாவுக்கு இடம் சரி, பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவிலுள்ள முக்கோண இடுக்கில் வைத்திருக்கிறார்கள். பறவைகளின் பீனியலும் தானாகவே ஒளியை உணரும், அதற்கான நிறமியை 1994-ல் கோழியில் கண்டுபிடித்து பினாப்சின் என்று பெயர் வைத்தார்கள். முயலுக்கும் நமக்கும் வரும்போது அந்தத் திறன் போய்விட்டது. கண்ணில் பட்ட வெளிச்சத்தின் செய்தி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸுக்குப் போய், தண்டுவடத்தில் இறங்கி, கழுத்திலிருக்கும் நரம்பு முடிச்சு வழியாகத் திரும்ப ஏறி பீனியலுக்கு வருகிறது, அதை வைத்துத்தான் அது இருட்டில் மெலடோனின் என்ற, இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. இத்தனை சுற்றையும் மாடலில் காட்டச் சொல்லவில்லை, கூட வரும் தாளில் நாலு வரியாவது போட்டிருக்கலாம். அதில் 'பீனியல் சுரப்பி' என்று மட்டும் போட்டு முடித்துவிட்டார்கள்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பப் போய்ச் சொன்னபோது, "செட்டை வேணும்னா மாத்திக்கோங்க சார், ஆனா எல்லா செட்டும் இதே அச்சுதான்" என்று ஒளிக்காமல் சொன்னார், இன்னும் இரண்டு பெட்டியைப் பிரித்தும் காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். நான் மாற்றவில்லை. எம்-சீல் உருட்டி சுறாவுக்குக் காம்பு ஒட்டினேன், தவளைக்கும் ஓணானுக்கும் கம்பியில் ஒரு மணி கோத்து மூளைக்கு மேலே நிற்கிற மாதிரி வைத்தேன்.

அப்புறம் பாலூட்டிக்கு மாடலை நம்ப வேண்டியதே இல்லை. கறிக்கடையில் ஆட்டுத்தலை வாங்கும்போது மூளையை நசுக்காமல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெருமூளையின் பின்பக்கத்தையும் சிறுமூளையையும் விரலால் மெதுவாக விலக்கினால் நடுவில் பழுப்பாக, பட்டாணி மாதிரி தெரியும். எங்கள் வகுப்பில் ஏழு பேரும் அதை மாறி மாறிப் பார்த்தார்கள், அரை மணி நேரம் ஒருத்தரும் போனைத் தொடவில்லை.

பொதுவாக மூளை நடத்துவதற்கு இந்த செட் போதும், அந்த விலைக்கு வாங்கலாம். பீனியல் நடத்தத்தான் வாங்குகிறீர்கள் என்றால் எம்-சீலும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.