ரெஜினா 15½ அங்குலத் தட்டு இசைப்பெட்டி: வாங்கலாமா, எத்தனை மிஞ்சியிருக்கும்?

பழைய தானியங்கி இசைக்கருவிகளில் முதலில் வாங்கத் தகுந்தது எது என்று கேட்டால், இரட்டைச் சீப்பு வைத்த ரெஜினா 15½ அங்குல மேசைப் பெட்டியைத்தான் சொல்வோம். பாட்டு பதிந்த உலோகத் தட்டு சுழலும்போது எஃகுச் சீப்பின் பற்கள் மீட்டப்பட்டு இசை எழும்; 15½ அங்குலம் என்பது அந்தத் தட்டின் அகலம். ஒரே சுரத்துக்கு இரண்டு பற்கள் சேர்ந்து அதிர்வதால் ஒலி அறையையே நிறைக்கிறது. அதே அளவுள்ள, போலிஃபோன் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தட்டுகளும் இதில் ஓடும் என்பதால் பாட்டுக்குப் பஞ்சமில்லை.

அரிய பொருள் என்று விலையேற்றினால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் இயங்கிய ரெஜினா நிறுவனம் 1892 முதல் 1 லட்சத்துக்கு மேல் பெட்டிகள் செய்தது. மிஞ்சியவற்றைக் கணிக்க, வரிசை எண்கள் உள்ள இரு பட்டியல்களை ஒப்பிட வேண்டும். ஏலங்களில் 400 எண்கள், சேகரிப்பாளர்களிடம் 300, இரண்டிலும் இருப்பவை 20 என்று வைத்துக்கொள்வோம்: சேகரிப்பாளர்களின் 300-இல் 20, அதாவது 15-இல் ஒன்று, ஏலப் பட்டியலில் இருக்கிறது; அப்படியானால் ஏலத்தின் 400-உம் மொத்தத்தில் 15-இல் ஒரு பங்கு: 400 × 300 ÷ 20 = 6,000. ஆனால் ஏலத்தில் எடுத்தவரே சேகரிப்பாளர் பட்டியலிலும் பதிவார். பொது எண்கள் கூடும், விடை உண்மையைவிடக் குறையும். பரணில் கிடக்கும் சிறு பெட்டிகளோ எதிலும் வராது. வரிசை எண்ணை இயந்திரத்தின் அடித்தகட்டில் பாருங்கள், மரப்பெட்டி மாறியிருக்கலாம்.

வாங்கும்முன் தட்டை எடுத்துவிட்டு விளக்கடியில் சீப்பைப் பாருங்கள். உடைந்த பல், துரு இரண்டுமே செலவு வைப்பவை. கீச்சொலி கேட்டால் டாம்பர் வளைந்திருக்கிறது: அதிரும் பல் மறுபடி மீட்டப்படும்முன் அதை அமர்த்துவதுதான் டாம்பரின் வேலை. சுருள்வில் முறுக்கேறியிருக்கும்போது வேகக்கட்டுப்பாட்டு விசிறியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். இயந்திரம் கட்டுமீறிச் சுழன்று பற்களை உடைத்துவிடும்.